நுண்துளைத் தளத்தின் மேல் ஓடும் மெல்லிய நீர்மப் படலம்: மாதிரியாக்கம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் எண்கள் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டிலிருந்து வருபவை. 20 டிகிரி செல்சியஸ் நீர், கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த தளம், 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள படலம். அடியில் 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி மணிகளால் ஆன 10 மில்லிமீட்டர் படுகை. அதன் துளைமை, அதாவது மொத்தக் கனஅளவில் இடைவெளிகளின் பங்கு, 0.4. சைன் 30 என்பது 0.5. கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தபடி படியுங்கள். சமன்பாட்டை விட அளவுகளின் ஒப்பீடுதான் இந்தத் துறையில் வழிகாட்டி.

நுண்துளை இல்லாத வழவழப்பான தளத்தில் படலம் எப்படி ஓடும்?

அங்கிருந்து தொடங்குவதுதான் முறை. 1916-இல் நுஸ்ஸெல்ட் தந்த விடை இன்றும் அடித்தளம். அடியில் திசைவேகம் சுழி. மேற்பரப்பில் காற்றின் இழுப்பு இல்லை. நடுவே திசைவேகம் பரவளைய வடிவில் ஏறுகிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கு உரிய பாய்வு:

பாய்வு = ஈர்ப்பு முடுக்கம் × சைன்(சாய்வு) × தடிப்பு³ ÷ (3 × இயக்கப் பாகுநிலை)

பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பதே இயக்கப் பாகுநிலை. நீருக்கு அது நொடிக்கு 10⁻⁶ சதுர மீட்டர். நம் எடுத்துக்காட்டில் பாய்வு நொடிக்கு 1.31 × 10⁻⁵ சதுர மீட்டர்; சராசரித் திசைவேகம் நொடிக்கு 6.5 சென்டிமீட்டர். மேற்பரப்பு அதைப்போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். தடிப்பில் வரும் சிறு மாற்றமோ சராசரியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் கீழே இறங்கும். பாய்வை இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண், அதாவது பாகுநிலையோடு ஒப்பிட நிலைமம் எவ்வளவு என்பதன் அளவு; இங்கே 13.

தடிப்பு கன அடுக்கில் வருவதை மனத்தில் இருத்துங்கள். தடிப்பை 5 சதவீதம் தவறாக அளந்தால் பாய்வு 15 சதவீதத்துக்கு மேல் பிசகும். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதுவே வேர்.

அடித்தளம் நுண்துளையுள்ளதானால் என்னென்ன மாறும்?

மூன்று மாறும். ஒன்று, அடியில் திசைவேகம் சுழியாக இருக்காது. நீர்மம் அங்கே சற்று வழுக்கும். இரண்டு, தளத்தின் உள்ளேயும் நீர்மம் சாய்வின் வழியே ஓடும். மூன்று, தளம் காய்ந்திருந்தாலோ அதன் அடிப்பக்கம் திறந்திருந்தாலோ படலம் உள்ளே இழுக்கப்பட்டுக் குறையும்.

மாதிரி எழுதுபவர்கள் முதலாவதில்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள். முடிவைத் தலைகீழாக்குவது பெரும்பாலும் மூன்றாவது. ஆகவே தாளில் எதையும் எழுதுமுன் மூன்று எண்களைக் கணக்கிடுங்கள்: வழுக்கல் நீளத்துக்கும் (அடியில் நீர்மம் எவ்வளவு வழுக்குகிறது என்பதை நீளமாகச் சொல்வது) படலத் தடிப்புக்கும் உள்ள விகிதம், படுகையினுள் செல்லும் பாய்வுக்கும் படலப் பாய்வுக்கும் உள்ள விகிதம், படலம் முழுவதும் உறிஞ்சப்பட ஆகும் நேரம்.

ஊடுருவுதிறனை எங்கிருந்து எடுப்பது?

துளைகளின் வழியே நீர்மம் எவ்வளவு எளிதில் செல்லும் என்பதன் அளவே ஊடுருவுதிறன். மணிகளால் ஆன படுகைக்குக் கோசெனி–கார்மன் வாய்பாடு போதுமான தொடக்கம்:

ஊடுருவுதிறன் = துளைமை³ × விட்டம்² ÷ [180 × (1 − துளைமை)²]

நம் படுகைக்கு 9.9 × 10⁻¹² சதுர மீட்டர். டார்சி என்ற வழக்கமான அலகில் ஏறக்குறைய 10. அதன் வர்க்கமூலம் 3.1 மைக்ரோமீட்டர். இது மணியின் விட்டத்தில் வெறும் 3 சதவீதம்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லை நிபந்தனை பற்றிப் பேசும்போது இது உதவும்.

வாய்பாடு துளைமையைப் பொறுத்து மிகவும் கூர்மையாக மாறும். துளைமை 0.40-க்குப் பதில் 0.38 என்றால் ஊடுருவுதிறன் 20 சதவீதம் குறைந்துவிடும். தட்டித் தட்டி நிரப்பிய படுகைக்கும் சும்மா கொட்டிய படுகைக்கும் இந்த அளவு வேறுபாடு எளிதில் வரும். எனவே முடிந்தால் நேரடியாக அளந்துவிடுங்கள்: படுகையை நெடுங்குழாயில் அடைத்து, தெரிந்த நீர்மட்ட வேறுபாட்டில் பாய்வை எடைபோட்டு, பாய்வு அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதம் என்னும் டார்சி விதியிலிருந்து ஊடுருவுதிறனைப் பெறலாம். நீரின் வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். 20 டிகிரிக்கு அருகே ஒரு டிகிரி கூடினால் பாகுநிலை 2 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும்.

மணிகள் பல அளவுகளில் கலந்திருந்தால் எளிய சராசரி விட்டத்தைப் போடாதீர்கள். மொத்தக் கனஅளவையும் மொத்தப் பரப்பையும் கொண்டு பெறும் சராசரியே சரி. ஏனென்றால் உராய்வைத் தருவது பரப்பு. அதில் சிறு மணிகளின் பங்கு மிகப் பெரிது.

எல்லையில் எந்த நிபந்தனையைப் போடுவது?

நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன.

பீவர்ஸும் ஜோசப்பும் 1967-இல் முன்வைத்தது: எல்லையில் திசைவேகச் சரிவு, அங்குள்ள வழுக்கு வேகத்துக்கும் படுகையினுள் உள்ள டார்சி வேகத்துக்கும் (டார்சி விதி தரும் சராசரி வேகம்) இடையிலான வேறுபாட்டுக்கு நேர்விகிதம். விகித மாறிலி என்பது ஆல்ஃபா என்னும் பரிமாணமற்ற எண்ணை ஊடுருவுதிறனின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 1971-இல் சாஃப்மன், ஊடுருவுதிறன் சிறிதாக இருக்கும்போது டார்சி வேகத்தை அந்த நிபந்தனையிலிருந்து விட்டுவிடலாம் என்று காட்டினார். அப்போது படுகையின் விளைவு முழுவதும் ஒரே நீளத்தில் அடங்கிவிடும்:

வழுக்கல் நீளம் = ஊடுருவுதிறனின் வர்க்கமூலம் ÷ ஆல்ஃபா

படலப் பாய்வு, நுஸ்ஸெல்ட் பாய்வை (1 + 3 × வழுக்கல் நீளம் ÷ தடிப்பு) என்ற காரணியால் பெருக்கியது. ஆல்ஃபா 1 என்றால் வழுக்கல் நீளம் 3.1 மைக்ரோமீட்டர், பாய்வு 4.7 சதவீதம் கூடும். ஆல்ஃபா 0.1 என்றால் 31 மைக்ரோமீட்டர். 47 சதவீதம் கூடும். சாஃப்மன் விட்டுவிட்ட பகுதியைத் திரும்பச் சேர்த்தாலும் கூடுவது 0.07 சதவீதம் மட்டுமே. ஆகவே இறுக்கமான மணிப் படுகையின் மேல் சாஃப்மன் வடிவமே போதும் என்று தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாவது வழி பிரிங்க்மன் சமன்பாடு. படுகையினுள்ளும் பாகுநிலை உறுப்பைச் சேர்த்து, எல்லையில் திசைவேகத்தையும் தகைவையும் தொடர்ச்சியாக வைப்பது. காகிதத்தில் நேர்த்தியாகத் தெரியும். ஆனால் அது படுகையினுள் காட்டும் எல்லை அடுக்கு ஊடுருவுதிறனின் வர்க்கமூலம் அளவே தடிப்புள்ளது. நம் படுகையில் 3 மைக்ரோமீட்டர். ஒரு மணியே 100 மைக்ரோமீட்டர் இருக்கையில், பல மணிகளின் சராசரியாகப் பிறந்த சமன்பாட்டை மணியின் 3 சதவீத ஆழத்தில் நம்புவதற்கு அடிப்படை இல்லை. நுரை, இழைப்பாய் போன்ற, துளைமை 0.9-க்கு மேலான தளர்ந்த ஊடகங்களுக்குப் பிரிங்க்மனைப் பயன்படுத்துங்கள். இறுகிய மணிக்கும் மண்ணுக்கும் வேண்டாம்.

ஒச்சோவா-டாபியாவும் விட்டேக்கரும் 1995-இல் தந்த தகைவுத் தாவல் நிபந்தனை நான்காவது. அதிலும் சோதனையிலிருந்து பொருத்த வேண்டிய ஒரு மாறிலி உண்டு. அதனால் ஆல்ஃபாவின் தொல்லை தீர்வதில்லை, இடம் மாறுகிறது.

ஆல்ஃபாவுக்கு எந்த மதிப்பைப் போடலாம்?

பீவர்ஸ், ஜோசப் இருவரின் சொந்தச் சோதனைகளிலேயே அலாக்சைட் என்ற துகள் ஊடகத்துக்கு 0.1, ஃபோம்மெட்டல் என்ற உலோக நுரையின் மூன்று மாதிரிகளுக்கு 0.78, 1.45, 4.0 என்று வந்தது. நாற்பது மடங்கு வீச்சு! எனவே 'இலக்கியத்தில் 0.1 என்று இருக்கிறது' என்று எடுத்துப்போடுவது அளவு அல்ல, ஊகம்.

வீச்சுக்குக் காரணம் பொருள் மட்டுமன்று. எல்லை எங்கே இருக்கிறது என்று நாம் சொல்வதும் ஒரு காரணம். மணிகளின் உச்சியைத் தொடும் தளமா, மேல் வரிசை மணிகளின் மையத் தளமா, நடுவில் எங்கோவா? இரண்டுக்கும் இடையே 50 மைக்ரோமீட்டர் உண்டு; நாம் தேடும் வழுக்கல் நீளத்தை விட அதிகம். எல்லைக்கோட்டை இவ்வளவு நகர்த்தினால் ஆல்ஃபா பல மடங்கு மாறும். மாதிரியின் விடை மட்டும் மாறாது. ஆல்ஃபாவை வெளியிடும் ஒவ்வொரு அறிக்கையிலும் சுழிக்கோடு எங்கே வைக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத அறிக்கையின் எண்ணை எடுத்தாள வேண்டாம்.

வழுக்கல் நீளத்தை நாமே அளக்க முடியுமா?

முடியும். படுகையை முழுவதும் நிறைவுறச் செய்யுங்கள். அடியிலிருந்து மெதுவாக நீரேற்றுவது நல்லது. அதற்கு முன் கார்பன் டைஆக்சைடை ஓடவிட்டு, காற்று நீக்கிய நீரை ஏற்றினால் இன்னும் நல்லது; சிக்கும் குமிழிகள் நீரில் கரைந்துவிடும். பிறகு நீர்மட்டம் சரியாகப் பரப்பைத் தொடும்படி வைத்து, படலமே இல்லாத நிலையில் படுகையின் பாய்வை அளந்துகொள்ளுங்கள். அடுத்து ஐந்தாறு பாய்வுகளில் படலத் தடிப்பை அளந்து, ஒவ்வொன்றிலும் படுகையின் பங்கைக் கழியுங்கள். இனி

படலப் பாய்வு × இயக்கப் பாகுநிலை ÷ (ஈர்ப்பு முடுக்கம் × சைன் × தடிப்பு²)

என்ற அளவைத் தடிப்புக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வரும், சரிவு மூன்றில் ஒன்று, வெட்டுத்துண்டுதான் வழுக்கல் நீளம். சரிவு மூன்றில் ஒன்றாக வராவிட்டால் வெட்டுத்துண்டைப் படிக்கவே வேண்டாம். அலைகள் எழுந்திருக்கலாம், அல்லது ஓரச் சுவர்களில் நீர் ஏறி நின்று அகலத்தைக் கெடுத்திருக்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தடிப்பின் சுழிப் புள்ளியை 5 மைக்ரோமீட்டர் பிசகி வைத்தால் வழுக்கல் நீளமும் ஏறக்குறைய அதே 5 மைக்ரோமீட்டர் பிசகும். முதல் தோராயத்தில் இரண்டும் கூட்டுத்தொகையாகவே சமன்பாட்டில் வருவதால், பாய்வு அளவீடு மட்டும் அவற்றைப் பிரித்துக் காட்டாது. நம் மணிப் படுகையில் ஆல்ஃபா 1 என்றால் தேடுவதே 3 மைக்ரோமீட்டர். அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. தீர்வு, எல்லாவற்றையும் பெரிதாக்குவது: 1 அல்லது 2 மில்லிமீட்டர் மணி, தடித்த படலம், நீருக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய். விகிதங்கள் மாறாதிருந்தால் ஆல்ஃபா அப்படியே திரும்பிவரும்.

படுகையினுள் ஓடும் நீரைப் புறக்கணிக்கலாமா?

கணக்கிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நம் படுகையில் சாய்வின் வழியே டார்சி வேகம் நொடிக்கு 0.049 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பாய்வு 4.9 × 10⁻⁷. படலப் பாய்வில் 3.7 சதவீதம். ஆல்ஃபா 1 தரும் வழுக்கல் திருத்தத்துக்கு நிகரானது. வழுக்கலைக் கவனமாகச் சேர்த்துவிட்டு இதை விட்டுவிடும் மாதிரிகள் ஏராளம்.

மணியை 1 மில்லிமீட்டராக்கினால் ஊடுருவுதிறன் நூறு மடங்கு கூடும். படுகை இப்போது படலத்தைப்போல் 3.7 மடங்கு நீரைச் சுமக்கும். அங்கே 'படல ஓட்டம்' என்ற பெயரே பொருந்தாது. மேலும் மணி விட்டத்தை வைத்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 5 ஆகிவிடுவதால் டார்சி விதியும் தளர்கிறது. எர்குன் சமன்பாட்டின்படி நிலைம உறுப்பு பாகுநிலை உறுப்பில் 9 சதவீதத்தைத் தாண்டும். நிலைமத்தைச் சேர்க்கும் ஃபோர்ச்ஹைமர் திருத்தம் வேண்டும்.

படுகை காய்ந்திருந்தால்?

எல்லாமே மாறும். மிகப் பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான்.

காய்ந்த மணிகளுக்கிடையே நீரை இழுப்பது நுண்புழை அழுத்தம். துளை ஆரம் 20 மைக்ரோமீட்டர், சேர்கோணம் (நீர் மணியைத் தொடும் கோணம்) சுழி என்று கொண்டால் அது சுமார் 7,300 பாஸ்கல். 0.2 மில்லிமீட்டர் படலத்தின் எடை தரும் அழுத்தமோ 1.7 பாஸ்கல். நான்காயிரம் மடங்கு வேறுபாடு. படலத் தடிப்பு உறிஞ்சலைத் தீர்மானிக்கும் என்று எழுதப்பட்ட மாதிரி, மிகச் சிறிய படுகை ஆழத்துக்கும் சரியாக இராது.

1918-இல் லூகாஸும் 1921-இல் வாஷ்பர்னும் காட்டியபடி நனைந்த ஆழத்தின் வர்க்கம் நேரத்துக்கு நேர்விகிதம்:

ஆழம்² = 2 × ஊடுருவுதிறன் × நுண்புழை அழுத்தம் × நேரம் ÷ (பாகுநிலை × துளைமை)

நம் எண்களைப் போட்டால் நொடிக்கு 3.6 × 10⁻⁴ சதுர மீட்டர் என்ற கெழு வருகிறது. 0.2 மில்லிமீட்டர் படலம் முழுவதும் 0.5 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு ஒரு மில்லிநொடிகூட வேண்டாம். தொடக்கத்தில் நிலைமம் தடுப்பதால் உண்மை சற்று மெதுவாக இருக்கும். 1923-இல் பொசான்கே சேர்த்த திருத்தம் அதற்கானது. ஆனால் கதை மாறாது: காய்ந்த படுகையின் மேல் படலமே நிற்காது.

அப்படியானால் நீரின் முன்விளிம்பான முகப்பு எப்படி முன்னேறும்? படுகை நிறைய ஒரு சதுர மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் உயர நீர் வேண்டும். படலத்தைப்போல் இருபது மடங்கு. மேலிருந்து வரும் பாய்வை இதனால் வகுத்தால் நனைந்த முகப்பின் வேகம் நொடிக்கு 3.3 மில்லிமீட்டர். வழவழப்பான தளத்தின் 6.5 சென்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். இதற்குப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு எதுவும் தேவைப்படவில்லை. நிறைச் சமநிலை போதும்.

அடிப்பக்கம் திறந்த, ஏற்கெனவே நனைந்த படுகை என்றால்?

படுகையின் இரு பக்கமும் வளிமண்டல அழுத்தம் என்று கொண்டால் நீர் நொடிக்கு 0.084 மில்லிமீட்டர் வேகத்தில் தளத்துக்குச் செங்குத்தாக உள்ளே இறங்கும். மேலே ஓடும் பாய்வு தூரத்துக்குத் தூரம் சீராகக் குறைந்து, வழுக்கலைச் சேர்க்காத கணக்கில், சுமார் 16 சென்டிமீட்டரில் தீர்ந்துபோகும். தடிப்பு பாய்வின் கனமூலமாக மாறுவதால் நெடுந்தூரம் படலம் நன்றாகவே தெரியும்; கடைசிச் சென்டிமீட்டர்களில் சட்டென மறையும். ஆய்வுக் கூடத்தில் இதைப் பார்ப்பவர்கள் 'படலம் கிழிந்துவிட்டது' என்று நனைதிறனைக் குறை சொல்வதுண்டு.

முழுச் சமன்பாட்டை ஒரே இடத்தில் சொல்ல முடியுமா?

மெதுவான ஓட்டத்துக்கு, மெல்லிய படலங்களுக்கான தோராயமாகிய உயவுக் கோட்பாட்டின்படி:

தடிப்பின் நேர மாற்ற வீதம் + பாய்வின் இடச் சரிவு = − உறிஞ்சல் வேகம்

பாய்வு = (தடிப்பு³ ÷ 3 + வழுக்கல் நீளம் × தடிப்பு²) ÷ பாகுநிலை × [சாய்வின் இழுப்பு − தடிப்புச் சரிவால் வரும் நீர்நிலை அழுத்த உறுப்பு + பரப்பு இழுவிசை × தடிப்பின் மூன்றாம் வகைக்கெழு]

சாய்வின் இழுப்பு என்பது அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், சைன் ஆகியவற்றின் பெருக்கம். நீர்நிலை உறுப்பில் சைனுக்குப் பதில் கோசைன் வரும். அது தடிப்பின் முதல் வகைக்கெழுவோடு பெருகும். உறிஞ்சல் வேகத்துக்கு ஒவ்வோர் இடத்திலும் நனைந்த ஆழம் என்ற இரண்டாவது மாறியை வைத்து இன்னொரு சமன்பாடு எழுத வேண்டும். படுகை நிறைந்ததும் அந்த உறுப்பை நிறுத்த மறந்தால், நீர் எங்கோ காணாமல்போகும்.

இந்தச் சமன்பாடு எப்போது பொய்க்கும்?

நிலைமத்தை இது முற்றிலும் விட்டுவிடுகிறது. விடலாமா என்பதைத் தீர்மானிப்பது ரெனால்ட்ஸ் எண் தனியாக அல்ல. அதைத் தடிப்புக்கும் நீள அளவுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கிய எண். முகப்பருகே நீள அளவு என்பது (பரப்பு இழுவிசை × தடிப்பு ÷ சாய்வின் இழுப்பு) என்பதன் கனமூலம். நம் நீர்ப் படலத்துக்கு 1.44 மில்லிமீட்டர். விகிதம் 0.14, ரெனால்ட்ஸ் எண் 13, பெருக்கம் 1.8. இது 1-ஐ விடப் பெரிது, ஆகவே நம் எடுத்துக்காட்டின் முகப்புக்கே எளிய சமன்பாடு செல்லாது. நீரைக் கொண்டு சோதித்து, உயவுச் சமன்பாட்டோடு ஒப்பிட்டு, பொருந்தாத மிச்சத்தை ஆல்ஃபாவின் தலையில் கட்டுவது இப்படித்தான் நேர்கிறது.

100 சென்டிஸ்டோக்ஸ் (இயக்கப் பாகுநிலை நீரைப்போல் நூறு மடங்கு) சிலிக்கோன் எண்ணெயில் 1 மில்லிமீட்டர் படலமானாலும் ரெனால்ட்ஸ் எண் 0.16 தான். வழுக்கலை மட்டும் தனியே சோதிக்க அதுவே ஏற்றது.

நிலைமத்தைச் சேர்க்க எந்த மாதிரி நல்லது?

1966-இல் பென்னி தந்த நெட்டலை விரிவு, அலை எழத் தொடங்கும் எல்லையைச் சரியாகச் சொல்லும்; ஆனால் ரெனால்ட்ஸ் எண் சற்று உயர்ந்தாலே தீர்வு முடிவுள்ள நேரத்தில் வெடித்துச் சிதறும். அது இயற்பியல் அல்ல, விரிவின் குறை. 1967-இல் ஷ்காடோவ் பாய்வையும் தடிப்பையும் தனித்தனி மாறிகளாக்கினார். தீர்வு வெடிப்பதில்லை, ஆனால் மாறுநிலை ரெனால்ட்ஸ் எண் (அலைகள் எழத் தொடங்கும் மதிப்பு) 20 சதவீதம் மிகுதியாக வரும். ரூயர்-கில், மான்வில் ஆகியோரின் எடையிட்ட மிச்ச முறை 2000-த்தை ஒட்டி அந்தக் குறையைத் தீர்த்தது. இன்று புதிதாகத் தொடங்குபவர் நேரே அங்கே போகலாம். கவனம்: அதன் கெழுக்கள் வழுக்கல் இல்லாத பரவளையத்துக்காகப் பெறப்பட்டவை. வழுக்கல் நீளம் தடிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டினால் எடைச் சார்பை வழுக்கலோடு சேர்த்து எழுதி, கெழுக்களை மறுபடி பெற வேண்டும். பழைய கெழுக்களோடு புதிய உராய்வு உறுப்பை மட்டும் ஒட்டவைப்பது முரணான மாதிரி.

நுண்துளைத் தளம் அலைகளை வளர்க்குமா, அடக்குமா?

இரண்டும். வழவழப்பான தளத்தில் மாறுநிலை ரெனால்ட்ஸ் எண் சாய்வுக் கோணத்தின் கோடேன்ஜன்டில் ஆறில் ஐந்து பங்கு. 1957-இல் பெஞ்சமினும் 1963-இல் யீயும் காட்டியது. 30 டிகிரிக்கு 1.44. நீர்ப் படலம் 0.1 மில்லிமீட்டரை எட்டுவதற்குச் சற்று முன்பே அலை எழும் என்று பொருள். வழுக்கல் இருந்தால் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். ஆனால் எல்லையிலிருந்து விலகி உயர் ரெனால்ட்ஸ் எண்களுக்குப் போனால் வழுக்கல் நிலைப்பைக் கூட்டுகிறது. சமந்தா, ரூயர்-கில், கோயோ மூவரும் 2011-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். தொடக்க எல்லையை மட்டும் பார்த்து 'நுண்துளை நிலைப்பைக் கெடுக்கும்' என்று எழுதுவது அரைகுறை.

அலை வேகமும் மாறும். சராசரியைப்போல் மூன்று மடங்கு என்ற விகிதம் வழுக்கல் கூடக் கூட இரண்டை நோக்கி இறங்கும். வழுக்கல் நீளம் 31 மைக்ரோமீட்டரானால் 2.68. அலை வேகத்தையும் பாய்வையும் ஒரே நேரத்தில் அளந்தால், தடிப்பு அளவியின் சுழிப் பிசகைக் கண்டுபிடிக்க இது இன்னொரு கயிறு.

முகப்பில் விரல்கள்போலப் பிரிவது ஏன்?

முகப்பில் ஒரு மேடு திரள்கிறது. தடித்த இடம் வேகமாக ஓடுகிறது. இடையே மெலிந்த இடம் பின்தங்குகிறது. 1982-இல் ஹப்பர்ட் இதைச் சோதனையில் விளக்கினார். விரல்களுக்கு இடையிலான தூரம் மேலே சொன்ன நீள அளவைப்போல் சுமார் 14 மடங்கு. நம் எண்களுக்கு 20 மில்லிமீட்டர். காய்ந்த நுண்துளைத் தளத்தில் மேடே உறிஞ்சப்படுவதால் இந்தக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது.

வழுக்கல் ஒரு நன்மையும் செய்கிறது. வழுக்காத தளத்தில் நகரும் தொடுகோட்டில் தகைவு எல்லையின்றிப் பெருகும். 1971-இல் ஹ்யூவும் ஸ்கிரிவனும் சுட்டிய சிக்கல். நுண்துளைத் தளத்தின் வழுக்கல் நீளம் அதைத் தானாகவே தணிக்கிறது.

கணினியில் தீர்க்கும்போது எங்கே சறுக்கும்?

முதலில் நேரப் படி. பாய்வின் இடச் சரிவை எடுக்கும்போது தடிப்பின் நான்காம் வகைக்கெழு வருவதால், வெளிப்படை முறையில் (அடுத்த நிலையை இப்போதைய மதிப்புகளிலிருந்தே நேரே கணக்கிடுவது) 0.1 மில்லிமீட்டர் கட்டத்துக்கு நேரப் படி 6.4 × 10⁻⁸ நொடிக்குள் இருக்க வேண்டும். கட்டத்தைப் பாதியாக்கினால் அது பதினாறில் ஒன்றாகும். அடுத்த நிலையின் மதிப்புகளையே சமன்பாடாகத் தீர்க்கும் உள்ளுறை முறையைத் தவிர வழியில்லை. கட்ட அளவு முகப்பு நீள அளவில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருக்கட்டும், இங்கே 0.1 மில்லிமீட்டர்.

அடுத்தது எதிர்மறைத் தடிப்பு. அண்டைக் கட்டங்களின் தடிப்பைச் சராசரி எடுத்துக் கனப்படுத்தினால் மெலிந்த இடத்தில் தடிப்பு சுழிக்குக் கீழே போய்விடும். பெருக்குக் காரணியை (தடிப்பு³ ÷ 3 + வழுக்கல் நீளம் × தடிப்பு²) தனியே சராசரியாக்கி, ஒரு பக்கம் சுழியானால் பாய்வும் சுழியாகும்படி எழுதுங்கள். எதிர்மறையை வெட்டிச் சுழியாக்கும் குறுக்குவழி நீரைப் புதிதாகப் படைக்கும். நிறைக் கணக்கு கெடும்.

உறிஞ்சல் உறுப்பு தொடக்க நொடியில் முடிவிலியாகும், நனைந்த ஆழம் அப்போது சுழி. ஆழத்தை மாறியாக வைக்காமல் அதன் வர்க்கத்தை வையுங்கள். அதன் வளர்ச்சி வீதம் மாறிலி, சிக்கல் மறைந்துவிடும். ஒரு நேரப் படியில் உறிஞ்சப்படும் அளவு அந்தக் கட்டத்தில் இருக்கும் நீரைத் தாண்டாதபடி வரம்பும் வையுங்கள்.

நிரல் சரியா என்று எப்படி அறிவது?

விடை தெரிந்த கணக்குகளைக் கொடுங்கள். சீரான படலத்தில் பாய்வு வாய்பாட்டோடு கடைசி இலக்கம்வரை பொருந்த வேண்டும். படலத்தில் உள்ளதும் படுகை குடித்ததும் சேர்ந்து உள்ளே விட்டதற்குச் சமமாக வேண்டும். கிடைத்தளப் படலத்தில் மிகச் சிறிய சைன் அலையை இட்டால் அது அடங்கும் வீதத்தைக் கையால் கணக்கிடலாம்: பெருக்குக் காரணி ÷ பாகுநிலை × (அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × அலையெண்² + பரப்பு இழுவிசை × அலையெண்⁴).

கடைசியாக ஓர் அழகான சோதனை. குறிப்பிட்ட அளவு நீர்மத்தைச் சாய்வில் கொட்டி விட்டால், வழவழப்பான தளத்தில் முகப்புத் தூரம் நேரத்தின் மூன்றில் ஓர் அடுக்காக வளரும். நிறைவுற்ற, அடிமூடிய நுண்துளைத் தளத்தில் படலம் மெலிய மெலிய வழுக்கலின் பங்கு ஓங்கும். அடுக்கு மூன்றில் ஒன்றிலிருந்து அரையை நோக்கி நகரும். உங்கள் நிரல் இந்த நகர்வைக் காட்ட வேண்டும். தடிப்பு ஊடுருவுதிறனின் வர்க்கமூலத்தை நெருங்கும் இடத்தில் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். அதற்கப்பால் சாஃப்மன் நிபந்தனைக்கே பொருளில்லை.